வெப்பத்தை முன்னறிதல்: லிதியம் மின்சேமக் கலங்களும் கணிப்பொறியும்

மின்சாரத்தைச் சேமித்து வைத்து, வேண்டும்பொழுது எடுத்துப் பயன்படுத்த உதவும் சாதனங்களுள் இன்று முதலிடம் பெற்றிருப்பது லிதியம் அயனி மின்சேமக் கலமாகும். பொதுமக்கள் பாட்டரி என்றே வழங்கும் இச்சாதனம் 1991ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதனை உருவாக்க வழிவகுத்த விட்டிங்ஹாம், குடெனஃப், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு வழங்கப்பெற்றது. சட்டைப் பையில் அடங்கும் தொலைபேசி முதல் மும்பைத் தெருக்களில் ஓடும் இரண்டடுக்குப் பேருந்து வரை இதன் ஆட்சி பரவியுள்ளது.

இத்துணைப் பயன் வாய்ந்த கலத்தினால் அபாயமும் உண்டு. 2022 மார்ச் மாதத்தில், வேலூரில் இரவு வீட்டினுள் மின்னேற்றம் செய்யப்பட்ட ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையால் மூச்சுத்திணறி இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில், மும்பைக்கு அண்மையிலுள்ள வசையில், வீட்டில் மின்னேற்றம் செய்யப்பட்டிருந்த ஸ்கூட்டர் பாட்டரி வெடித்து ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் படுகாயமுற்று உயிர் நீத்தான். ஓர் அறையே வீடாகவும் சமையற்கூடமாகவும் தொழிற்கூடமாகவும் விளங்கும் தாராவி போன்ற பகுதிகளில் இத்தகைய தீ மூண்டால் விளைவு எவ்வாறிருக்கும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. ஆகவே, ஒரு கலம் எந்நிலையில் சூடேறும், எந்நிலையில் கட்டுமீறும், அச்சூடு அடுத்த கலத்துக்குப் பரவுமா என்பவற்றை முன்கூட்டியே அறிதல் இன்றியமையாததாகின்றது. ஆயிரக்கணக்கான கலங்களைக் கொளுத்திப் பார்க்காமலே இதனை அறிய உதவுவது கணிப்பொறியிற் செய்யப்படும் பாவனைப் பரிசோதனையாகும்.

கலத்தின் அமைப்பு

லிதியம் கலத்தில் இரண்டு மின்வாய்கள் உள்ளன. எதிர்மின்வாய் தாமிரத் தகட்டின்மீது பூசப்பட்ட கிராபைட் என்னும் கரியால் ஆனது. நேர்மின்வாய் அலுமினியத் தகட்டின்மீது பூசப்பட்ட உலோக ஆக்சைடாலோ, இரும்பு பாஸ்பேட்டினாலோ ஆனது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி, நுண்துளைகள் நிறைந்த மெல்லிய பிளாஸ்டிக் திரை ஒன்று இடையே நிற்கின்றது. இவையனைத்தும் ஒருவகைக் கரிமத் திரவத்தில் தோய்ந்துள்ளன. மின்னேற்றத்தின்போது லிதியம் அயனிகள் நேர்மின்வாயிலிருந்து புறப்பட்டு, திரையின் துளைகள் வழியே சென்று, கரியின் அடுக்குகளுக்குள் புகுந்து தங்குகின்றன. மின்சாரம் எடுக்கப்படும்போது அவை வந்த வழியே திரும்புகின்றன.

இத்திரவம் எளிதில் தீப்பற்றக் கூடியது. கரியின் மேற்பரப்பில், முதல் மின்னேற்றத்தின்போதே படியும் மிக மெல்லிய படலம் ஒன்று கரியையும் திரவத்தையும் பிரித்து வைத்திருக்கின்றது. கலத்தின் பத்திரம் பெரும்பாலும் இந்தப் படலத்தையும் இடைத்திரையையும் பொறுத்தே அமைகின்றது எனலாம்.

வெப்பம் பிறக்கும் விதம்

எந்தக் கலத்திலும் மின்னோட்டத்துக்கு ஓரளவு தடை உண்டு. அத்தடையின் வழியே மின்சாரம் பாயும்போது வெப்பம் தோன்றுகின்றது. மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த ஜூலின் விதியாகும். இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இங்குக் கூறும் எண்கள் கணக்கின் எளிமைக்காகக் கொண்டவை. எந்த ஒரு தயாரிப்பையும் குறித்தவை அல்ல.

18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடைய உருளைக் கலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதன் எடை சுமார் 45 கிராம். இதனை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 40 ஜூல் வெப்பம் வேண்டும். கொள்ளளவு 2.5 ஆம்பியர் மணி என்றும், உட்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் நாற்பது பங்கு என்றும் கொள்வோம். ஓர் ஆம்பியர் அளவில் நிதானமாக மின்னேற்றினால் தோன்றும் வெப்பம் ஒரு வாட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கே. கலம் ஒரு டிகிரி சூடேறினாலே அதிகம். 5 ஆம்பியரில் ஏற்றினால் ஒரு வாட் வெப்பம் தோன்றும். 10 ஆம்பியரில் ஏற்றினால் அதுவே 4 வாட்டாகும்.

வெப்பம் சிறிதும் வெளியேறவில்லை என்று வைத்துக்கொண்டால், 5 ஆம்பியரில் அரை மணி நேரம் மின்னேற்றப்படும் கலம் 45 டிகிரி சூடேறும். 10 ஆம்பியரில் கால் மணி நேரத்தில் அதே அளவு மின்சாரத்தை ஏற்றினால் 90 டிகிரி சூடேறும். நேரத்தைப் பாதியாகக் குறைப்பவர் வெப்ப உயர்வை இருமடங்காக்கிக்கொள்கிறார் என்பது இதனாற் பெறப்படும்.

மற்றொரு கணக்கும் கருதத்தக்கது. இச்சிறு கலத்தில் முழுதும் நிறைந்திருக்கும் மின்சக்தி சுமார் 32,400 ஜூல் ஆகும். இடைத்திரை கிழிந்து இரு மின்வாய்களும் உள்ளேயே தொட்டுக்கொண்டால், இச்சக்தி முழுவதும் வெளியே பயன்படாமல் கலத்தினுள்ளேயே வெப்பமாக மாற இடமுண்டு. அவ்வெப்பம் கலத்தை 800 டிகிரிக்கும் மேலாகச் சூடேற்றப் போதுமானது. திரவம் எரிவதால் வரும் வெப்பம் இக்கணக்கிற் சேராதது. 3 யூனிட் மின்சாரம் கொள்ளும் ஸ்கூட்டர் பாட்டரி ஒன்றில் இத்தகைய கலங்கள் முந்நூற்றுக்கு மேல் அடுக்கப்பட்டிருக்கும்.

கட்டுமீறும் நிலை

வெப்பநிலை உயர உயரக் கலத்தினுள் நிகழும் மாறுதல்களை விஞ்ஞானிகள் படிப்படியாக வகுத்துள்ளனர். சுமார் 80 முதல் 120 டிகிரி சென்டிகிரேடுக்குள் கரியின்மேலுள்ள பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்குகின்றது. அச்சிதைவு தானே வெப்பத்தை உண்டாக்குவது. 130 டிகிரியளவில் பாலிஎதிலீனால் ஆன இடைத்திரை உருகுகின்றது. 200 டிகிரியை அணுகும்போது, நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த நேர்மின்வாய் சிதைந்து ஆக்சிஜனை விடுவிக்கின்றது. எரியும் திரவமும், எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனும், சூடும் ஒரே கூட்டினுள் சேர்ந்துவிடுகின்றன. இரும்பு பாஸ்பேட்டாலான நேர்மின்வாய் இதனினும் உயர்ந்த வெப்பநிலை வரை தாங்கும். அது வெளியிடும் வெப்பமும் குறைவு. ஆயினும் அதுவும் அபாயத்திற்கு முற்றிலும் அப்பாற்பட்டதன்று.

தன் வெப்பத்தால் தானே மேலும் சூடேறும் இந்நிலையைக் கட்டுக்கடங்கா வெப்பப் பெருக்கம் எனலாம். இதன் தத்துவம் லிதியம் கலம் தோன்றுவதற்கு வெகு காலம் முன்னரே அறியப்பட்டதாகும். ரஷ்ய விஞ்ஞானி செம்யோனோவ் 1928ஆம் ஆண்டிலேயே வெப்ப வெடிப்பிற்குக் கணிதமுறையில் விளக்கம் தந்தார். அவருக்கு 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. மாதுங்காவில் அமைந்துள்ள ரசாயனத் தொழில்நுட்ப நிலையம் 1933ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக் கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கப்பட்டது. அதைப் போன்ற கல்விக்கூடங்களில் ரசாயனப் பொறியியல் பயில்வோருக்குச் செம்யோனோவின் தத்துவம் பாடமாகவே அமையும் ஒன்று. செம்பூரையும் டிராம்பேயையும் சூழ்ந்துள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் இயங்குவதற்கு வேண்டிய பாதுகாப்புக் கணக்கும், உள்ளங்கையில் அடங்கும் கலத்திற்குரிய பாதுகாப்புக் கணக்கும் அடிப்படையில் ஒன்றேயாம்.

அத்தத்துவம் யாதெனில், ஒரு பொருளிலிருந்து வெளியேறும் வெப்பம், அதன் வெப்பநிலைக்கும் சுற்றுப்புறத்தின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஏற்ப ஒரே சீராக உயர்வது. ரசாயன மாறுதலால் உள்ளே தோன்றும் வெப்பமோ ஏறத்தாழ ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இருமடங்காகப் பெருகுவது. முன்னையது படியேறுகின்றது, பின்னையது பாய்ந்தேறுகின்றது. நமது கலம் சுற்றுப்புறத்தைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால் ஒரு வாட்டில் நூற்றில் நான்கு பங்கு வெப்பத்தை வெளியிடும் என்றும், சுற்றுப்புறம் மும்பையின் கோடைப் பகல்போல் 35 டிகிரி என்றும் கொள்வோம். சிதைவினால் தோன்றும் வெப்பம் 100 டிகிரியில் ஒரு வாட்டாயின், 110இல் 2, 120இல் 4, 130இல் 8 வாட்டாகும். வெளியேறும் வெப்பமோ முறையே 2.6, 3.0, 3.4, 3.8 வாட்டாகும். 110 டிகிரி வரை போக்கே மிகுதியாதலால் கலம் ஆறிவிடும். 117 டிகிரியளவில் வரவும் போக்கும் சமமாகும். அதற்குமேல் வரவு மிஞ்சுமாதலால், மின்சாரத்தை நிறுத்தினாலும் சூடு நிற்பதில்லை.

இனி, அதே கலம் துணியால் மூடப்பட்டோ, காற்றோட்டமற்ற பெட்டியில் அடைக்கப்பட்டோ இருப்பதால் வெளியேறும் வெப்பம் பாதியாகிவிட்டது என்று கொள்வோம். அப்போது எல்லை 117இலிருந்து 105 டிகிரியாகத் தாழ்ந்துவிடுகின்றது. கலம் மாறவில்லை, அதனுள் இருக்கும் ரசாயனமும் மாறவில்லை, அது வைக்கப்பட்டுள்ள இடம் ஒன்றே மாறியது. பத்திரம் என்பது பொருளின் குணம் மட்டுமன்று, அது சூழலோடு கொண்டுள்ள உறவும் ஆகும் என்பதை இக்கணக்கு தெளிவாக்குகின்றது.

கணிப்பொறியில் ஒரு கலம்

மேற்கூறிய கணக்கைக் கையாற் போடுவதும் கூடும். முதல் பத்து வினாடியில் தோன்றிய வெப்பம் எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு, மீதி கலத்தை எத்தனை டிகிரி உயர்த்தியது என்று குறித்துக்கொண்டு, புதிய வெப்பநிலையை வைத்து அடுத்த பத்து வினாடிக்குக் கணக்கிட வேண்டும். கடைக்காரர் நாள்தோறும் வரவு செலவு எழுதி இருப்பைக் காண்பதுபோன்ற வேலையே இது. இவ்வாறு 5 ஆம்பியரில் அரை மணி நேரம் கணக்கிட்டால், 35 டிகிரியில் தொடங்கிய கலம் ஏறக்குறைய 56 டிகிரியில் வந்து நிற்கும். 10 ஆம்பியரில் கால் மணி நேரத்திற்குப் பின் 94 டிகிரியாகும். மூடப்பட்ட கலமாயின் இவ்விரண்டும் முறையே 65, 107 டிகிரியாகும். மூடாத கலம் தனது எல்லையாகிய 117க்குக் கீழேயே நின்றுவிட, மூடிய கலம் தனது எல்லையாகிய 105ஐத் தாண்டிவிடுவதைக் காண்க.

உண்மையான கலத்தில் எல்லா இடமும் ஒரே சூடாக இராது. நடுப்பகுதி மிகவும் சூடாகவும் மேற்பரப்பு குறைந்த சூடாகவும் இருக்கும். ஆகையால் கலத்தை நுண்ணிய பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வரவு செலவு எழுத வேண்டும். இருநூறு கலங்கள் கொண்ட பாட்டரியில் ஒவ்வொரு கலத்தையும் ஆயிரம் பகுதியாக்கினால் இரண்டு லட்சம் கணக்கேடுகளாகும். வினாடிக்குப் பத்து முறையாக ஒரு மணி நேரத்திற்குக் கணக்கிடுவதாயின், மொத்தம் 720 கோடி முறை வெப்பநிலையைக் காண வேண்டும். இது மனிதரால் இயலாதது, கணிப்பொறிக்கே உரியது.

இத்தகைய கணக்குகளுக்கு மும்பை புதிய இடமன்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாக்கப்பட்ட கணிப்பொறி 1960இல் இயங்கத் தொடங்கியது. 1962இல் அதற்கு நேரு அவர்கள் டிஃப்ராக் எனப் பெயரிட்டார். அதன் நினைவகத்தில் 2,048 எண்களையே வைக்க முடிந்தது. டிராம்பேயிலுள்ள பாபா அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தார் பல கணிப்பொறிகளை ஒருங்கே இயக்கும் அனுபம் வரிசைப் பொறிகளை 1991 முதல் உருவாக்கி வந்துள்ளனர். அணு உலையில் தோன்றும் வெப்பத்தையும் அகற்றப்படும் வெப்பத்தையும் ஈடுசெய்து பார்க்கும் கணக்கு, மேலே கண்ட வரவு செலவுக் கணக்கின் பெரிய வடிவமேயாகும்.

மின்கலத்தின் கணக்கு மாதிரிக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் பேராசிரியராக விளங்கிய ஜான் நியூமன் ஆவார். கலத்தினுள் தோன்றும் வெப்பத்தைக் கணக்கிடும் பொதுச் சமன்பாட்டை அவரும் பெர்னார்டி முதலியோரும் 1985இல் வெளியிட்டனர். டாயில், ஃபுல்லர், நியூமன் ஆகிய மூவரும் 1993இல் வெளியிட்ட மாதிரி, நுண்துளை மின்வாய்களினூடே லிதியம் அயனிகள் செல்லும் கதியை விவரிக்கின்றது. கனடாவில் ஹாச்சர்டும் டானும் அவர்களுடைய துணைவர்களும் 2001இல் வெளியிட்ட மாதிரி, மிகையாகச் சூடேற்றப்பட்ட கலத்தில் படலமும் மின்வாய்களும் சிதையும் வேகத்தைக் கணக்கிற் கொண்டது. கலத்திலிருந்து வெப்பம் வெளியேறாதபடி அடைத்து, அது தானாகச் சூடேறும் வேகத்தை அளக்கும் வெப்ப அளவிகளிலிருந்து இதற்கு வேண்டிய எண்கள் பெறப்படுகின்றன. ஆகவே, பாவனைப் பரிசோதனை மெய்யான பரிசோதனையை ஒழித்துவிடுவதன்று; சில பரிசோதனைகளின் விளைவைக் கொண்டு பல்லாயிரம் நிலைகளை ஆராய வழி செய்வதாகும்.

முழு மாதிரிக்கு நெடுநேரம் பிடிப்பதால், வண்டியிலேயே பொருத்தப்படும் சிறு கணிப்பொறியும் போடத்தக்கவாறு அதனைச் சுருக்கும் முயற்சிகளும் நடைபெற்று வருகின்றன. காரைக்குடி மத்திய மின்ரசாயன ஆராய்ச்சி நிலையத்திற் பயின்று அமெரிக்காவிற் பேராசிரியராகப் பணியாற்றும் வெங்கட் சுப்பிரமணியன் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி ஆற்றியவர்.

ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு

ஒரு கலம் கெடுவதை முற்றிலும் தடுத்துவிடல் அரிது. கெட்ட கலம் அண்டைக் கலத்தையும் கெடுக்காதபடி செய்தல் கூடும். இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியது 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்களில் நேர்ந்த விபத்துக்களாகும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நின்றிருந்த விமானம் ஒன்றில் எட்டுக் கலங்கள் கொண்ட பாட்டரி தீப்பற்றியது. சில நாட்களில் ஜப்பானிலும் ஒரு விமானத்தின் பாட்டரி கெட்டது. உலகெங்கும் அவ்வகை விமானங்கள் தரையிறக்கப்பட்டன. ஏர் இந்தியாவிடம் அப்போதிருந்த ஆறு விமானங்களும் அவற்றுள் அடங்கும். ஒரு கலத்தினுள் குறுக்கிணைப்பு நேர்ந்தால் ஏற்படக்கூடிய மிகக் கடுமையான விளைவு, வடிவமைப்பின்போது கருத்திற் கொள்ளப்படவில்லை என அமெரிக்க விசாரணையாளர் கண்டனர். பின்னர்க் கலங்களுக்கிடையே காப்பு வலுப்படுத்தப்பட்டது. பாட்டரி உருக்குப் பெட்டியில் அடைக்கப்பட்டு, புகை விமானத்திற்கு வெளியே செல்லக் குழாயும் அமைக்கப்பட்டது.

நம் நாட்டிலும் 2022இன் தீவிபத்துக்களுக்குப் பின் மத்திய அரசு நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. அதன் பரிந்துரைப்படி, இருசக்கர வண்டி முதலியவற்றிற்கான ஏ.ஐ.எஸ். 156, கார், பேருந்து முதலியவற்றிற்கான ஏ.ஐ.எஸ். 038 ஆகிய தரவிதிகள் திருத்தப்பெற்று, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. கலத்தினுட் குறுக்கிணைப்பால் வெப்பம் பரவுதல், பாட்டரியின் கட்டுப்பாட்டுச் சாதனம், மின்னேற்றி ஆகியவற்றிற்கான நிபந்தனைகள் இத்திருத்தங்களில் இடம்பெற்றன. இரு கலங்களுக்கிடையே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், அதில் எப்பொருளை வைக்கலாம் என்பனவற்றை வடிவமைப்பாளர் முதலிற் கணிப்பொறியிலேயே பார்த்துவிடுகின்றனர். இடைவெளி குறைந்தால் வெப்பம் பரவும். மிகுந்தால் வண்டியின் பாரமும் பருமனும் கூடும். இவ்விரண்டிற்கும் நடுவே ஏற்ற அளவைக் காண்பதே அவர்கள் பணி.

பேருந்தும் சந்தும்

வெப்பத்தை அகற்றும் முறைகளுள் காற்றைச் செலுத்துதல், குளிர்ந்த திரவத்தைக் குழாய்களில் ஓடச் செய்தல், உருகும் மெழுகைச் சுற்றி வைத்தல் என்பன முக்கியமானவை. ஒரு கிலோ பாரஃபின் மெழுகு உருகும்போது சுமார் இரண்டு லட்சம் ஜூல் வெப்பத்தை உட்கொள்ளும். நமது கணக்கின்படி ஐந்து கிலோ கலங்களை 45 டிகிரி சூடேற்றவல்ல வெப்பம் அது. ஆனால், உருகிய மெழுகு மீண்டும் உறையாத வரையில் அதனால் பயனில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

2023 பிப்ரவரியில் மும்பையில் பெஸ்ட் நிறுவனம் ஓட்டத் தொடங்கிய குளிர்சாதன இரண்டடுக்கு மின்சாரப் பேருந்தில் 231 யூனிட் கொள்ளும் பாட்டரி உள்ளது. அது திரவத்தாற் குளிர்விக்கப்படுவது. சாந்தாகுரூசில் 1952 ஏப்ரலில் வெப்பநிலை 42.2 டிகிரியை எட்டியதுண்டு. அத்தகைய நாளில், நெரிசலில் நின்று நின்று செல்லும் வண்டிக்கு, பாட்டரியின் எந்த மூலை மிகுதியாகச் சூடேறும், திரவத்தை எவ்வளவு வேகமாகச் செலுத்த வேண்டும் என்பவை கணிப்பொறியில் ஆராயத்தக்க கேள்விகளாம். பேருந்திற்கு இத்தகைய சாதனங்களும் கண்காணிப்பும் உண்டு.

சந்தில் வாழ்வோரின் நிலை வேறு. பழைய மடிக்கணிப்பொறிகளிலிருந்தும் வண்டிகளிலிருந்தும் எடுத்த கலங்களைத் தேர்ந்து மீண்டும் கோத்துப் புதிய பாட்டரியாக்குவது பல நகரங்களில் நடைபெறும் தொழில். தாராவியின் கைத்திறன் மிக்க தொழிலாளர் எதையும் வீணாக்குவதில்லை என்பது புகழ் பெற்ற செய்தி. எனினும் மூத்த கலத்தின் உட்தடை மிகுதி. தடை இருமடங்கான ஒரு கலத்தைப் புதியவற்றோடு வரிசையிற் கோத்தால், எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் பாய, அக்கலத்தில் மட்டும் இருமடங்கு வெப்பம் தோன்றும். அதன் கொள்ளளவும் குறைந்திருக்குமாதலால், மற்றவை நிறையும் முன்பே அது நிறைந்து வழியும் நிலைக்குத் தள்ளப்படும். ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் கவனிக்கும் கட்டுப்பாட்டுச் சாதனம் இல்லையேல் இதனை வெளியிலிருந்து அறிய இயலாது. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்தும் விதிகள் 2022 ஆகஸ்டில் வெளியாயின. அவை இத்தொழிலாளருக்கும் பாதுகாப்பளிக்கும் வகையில் செயற்படுவது அவசியம்.

கணக்கின் எல்லை

கணிப்பொறி தனக்குத் தரப்பட்ட எண்களையே கையாளும். ஆலையில் ஓர் உலோகத் துகள் கலத்தினுட் புகுந்ததா என்பதை அது அறியாது. 2016இல் ஒரு கைபேசி வகையின் பாட்டரிகள் தீப்பற்றி, அவ்வகை முழுவதும் திரும்பப் பெறப்பட்டபோது, மின்வாய்களின் மூலை மடிந்திருந்ததும் பற்றவைப்பில் எஞ்சிய கூர்முனைகளுமே காரணங்கள் எனக் கண்டறியப்பட்டது. இத்தகைய குறை எந்தக் கலத்தில் உள்ளது என்று மாதிரி கூறாது. குறை இருந்தால் என்ன நேரும், எத்தனை நிமிடம் அவகாசம் கிட்டும், அடுத்த கலம் தப்புமா என்பவற்றையே கூறும். அந்த அவகாசத்தினுள் எச்சரிக்கை ஒலித்து மனிதர் வெளியேறிவிட முடியுமாயின், கணக்கு தன் கடமையைச் செய்ததாகும்.

இல்லத்தாருக்கும் இக்கணக்கிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. வண்டியோடு வந்த மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும்; வேறொன்று மிகுந்த மின்னோட்டத்தையோ மின்னழுத்தத்தையோ செலுத்தக்கூடும். ஓட்டி வந்த உடனே மின்னேற்றாமல் பாட்டரியை ஆறவிடல் நன்று. தொடங்கும் வெப்பநிலை குறைந்தால் முடியும் வெப்பநிலையும் குறையும். ஏறும்போது பாட்டரியைத் துணியால் மூடுதலும் படுக்கையின்மீது வைத்தலும் ஆகா; அவை வெப்பத்தின் போக்கை அடைக்கின்றன. உப்பிய, அடிபட்ட, வெள்ளத்தில் மூழ்கிய பாட்டரியை மின்னேற்றலாகாது. எல்லாவற்றினும் முக்கியமாக, வீட்டிற்கு ஒரே வாயில் இருக்குமாயின் அவ்வாயிலில் வைத்து, அனைவரும் உறங்கும் நேரத்தில், மின்னேற்றம் செய்யாதிருத்தல் வேண்டும். தீயைவிடப் புகையே முந்தி உயிரைக் கவர்வது. தீ அணைந்ததுபோல் தோன்றிய பாட்டரி சில மணி நேரம் கழித்தும் மீண்டும் பற்றிக்கொள்ளக்கூடுமாகையால், அதனை உடனே வீட்டினுள் எடுத்துவருதலும் தகாது.